ஏலக்காய் தேசத்துப் பாட்டிகள்

பி.காம். படித்தவனுக்கு உலகம் இரண்டு பக்கமாகத்தான் தெரியும். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. இரண்டும் 'டேலி' ஆகவில்லை என்றால் ராத்திரி தூக்கம் வராது. அப்படிப்பட்ட ஒருத்தனைப் பூமிக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனால் என்ன செய்வான்? அங்கேயும் உட்கார்ந்து கணக்குதான் பார்ப்பான். பார்த்தேன். டேலி ஆகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எப்படிப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். போடிநாயக்கனூரில் எனக்கு ஒரு நண்பன். மூன்று தலைமுறையாக ஏலக்காய் வியாபாரம். சட்டைப் பைக்குள் கை விட்டால் மற்றவர்களுக்குப் பேனா வரும், இவனுக்கு ஏலக்காய் வரும். ஒருநாள் போன் பண்ணி, "மாப்ள, குவாத்தமாலா போறேன், வர்றியா?" என்றான். ஏதோ புதுசாகத் திறந்த ஓட்டல் என்று நினைத்து, "எத்தனை மணிக்குடா?" என்று கேட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். ஏலக்காய் நம் மேற்குத் தொடர்ச்சி மலை பெற்ற பிள்ளை. ஆனால் உலகத்திலேயே அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்கிற ஊர் நம்முடையது இல்லை. மெக்ஸிகோவுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் குவாத்தமாலா. முதல் உலகப் போர் சமயத்தில் ஒரு ஜெர்மன் காப்பித் தோட்டக்காரர் அங்கே கொண்டுபோய் நட்டார். பிள்ளை புகுந்த வீட்டில் பிரமாதமாக வளர்ந்துவிட்டது. அங்கே விளைச்சல் கூடினால் போடி ஏலத்தில் விலை இறங்கும். அங்கே பூச்சி விழுந்தால் இங்கே சிலர் வீட்டில் புது மாடி எழும்பும். ஆகவே பங்காளி வீட்டுக் கல்யாணத்தை வேவு பார்க்கிற மாதிரி, அந்தத் தோட்டங்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது நண்பனின் நெடுநாள் ஆசை. கணக்கு எழுத ஒரு ஆள் வேண்டும், சம்பளம் கேட்காத ஆளாக வேண்டும். இந்த இரண்டு தகுதியும் ஊரில் எனக்குத்தான் இருந்தது.

மூன்று விமானம் மாறி, கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்ட நிலையில் போய் இறங்கினோம். நேரம் நம்மைவிடப் பதினொன்றரை மணி பின்னால். அதாவது கடிகாரத்தில் முள்ளை அரை மணி மட்டும் நகர்த்தினால் போதும், ராத்திரி பகலாகிவிடும். ரூபாய்க்கு அங்கே பெயர் கெட்சால். அது ஒரு பறவையின் பெயர். பறவையின் பெயரை வைத்ததாலோ என்னவோ, கையில் நிற்காமல் பறக்கிறது. அமெரிக்காவில் பள்ளிக்கூடக் குழந்தைகளை ஏற்றி ரிட்டயர் ஆன பஸ்களை வாங்கிவந்து, திருவிழா ரத்தம் மாதிரி சிவப்பும் பச்சையுமாக பெயின்ட் அடித்து ஓட்டுகிறார்கள். உள்ளே ஏறினால் நம் பாரிமுனை பஸ் ஞாபகம் வருகிறது. மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர், நடுவில் ஒரு கோழி.

சாப்பாட்டுக் கவலை இருக்கவில்லை. மக்காச்சோள மாவைப் பிசைந்து இலையில் சுற்றி ஆவியில் வேகவைத்துத் தருகிறார்கள். நம் இலைக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. பெயர் 'தமால்'. "பாத்தியா, நம்ம பேரைத்தான் வெச்சிருக்கான்" என்று நண்பன் மார் தட்டிக்கொண்டான். உள்ளே பன்றிக்கறி இருந்ததைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

இந்த ஊரில் ஏறக்குறைய பாதிப் பேர் மாயன் இனத்தவர்கள். 2012-ல் உலகம் அழியப் போகிறது என்று நம் டீக்கடை வரைக்கும் ஒரு பீதி வந்ததே, நினைவிருக்கிறதா? அந்த மாயன் காலண்டர்க்காரர்கள். காலண்டரைத் தெரிந்த நமக்கு, அதை எழுதியவர்களின் பேரன் பேத்திகள் லட்சக்கணக்கில் உயிரோடு இருக்கிறார்கள், 22 மொழி பேசுகிறார்கள் என்பது தெரியாது. அவர்களுடைய உலகம் 2012-ல் அழியவில்லை. அதற்கு முப்பது வருடம் முன்னாலேயே ஒருமுறை அழிந்து முடிந்திருந்தது.

அதை எனக்குச் சொன்னது ஒரு டிரைவர்.

* * *

தலைநகரத்திலிருந்து வடக்கே ஐந்து மணி நேரம் போனால் கோபான். ஆல்ட்டா வெராபாஸ் மாகாணத்தின் தலைமை ஊர். ஏலக்காய்க்கு அதுதான் போடி. மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் நாள் முழுக்க ஒரு தூறல் விழுந்துகொண்டே இருக்கிறது. அதற்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'சிப்பி சிப்பி'. குடை பிடித்தால் கேவலம், பிடிக்காவிட்டால் ஜலதோஷம்.

ஒரு குடோனில் நுழைந்ததுமே நண்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூரை வரைக்கும் மூட்டை. விறகு அடுப்பில் உலர்த்திய பச்சை ஏலக்காய். கையில் எடுத்துக் கசக்கி மோந்து பார்த்து, "நம்ம வாசம் இல்ல மாப்ள... ஆனா சரக்கு இருக்கு" என்றான், எதிராளியின் பேட்டிங்கை ஒப்புக்கொள்கிற கேப்டன் மாதிரி. விவசாயியிடம் மலிவாக வாங்கி மேலே விற்கிற தரகர்களுக்கு அங்கே 'கொயோட்டே' என்று பெயர். அப்படியென்றால் ஒருவகை நரி. நம் ஊர் தரகர்களுக்கு இத்தனை வெளிப்படையாகப் பெயர் வைக்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

மறுநாள் மூட்டையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, பொலோச்சிக் பள்ளத்தாக்குப் பக்கம் கிளம்பினோம். ஒரு பிக்கப் வண்டி. டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். கெக்சி என்ற மாயன் பிரிவைச் சேர்ந்தவர். சில வருடம் அமெரிக்காவில் கட்டட வேலை பார்த்திருந்ததால் உடைந்த ஆங்கிலம் பேசினார். எங்கள் ஆங்கிலமும் அங்கங்கே உடைந்ததுதான், அதனால் ஒட்டிக்கொண்டது.

பேச்சுக்குக் கேட்டேன். "வெராபாஸ்னா என்ன அர்த்தம்?"

"உண்மையான சமாதானம்" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "பேர் வெச்சவங்க ஸ்பானியப் பாதிரியார்கள். எங்களைக் கேட்டு வெக்கல" என்றார்.

கோபான் ஊருக்குள்ளேயே ஒரு பழைய ராணுவ முகாம் இருக்கிறது. இப்போது அது ஐ.நா. அமைதிப் படைக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி தரும் இடம். 2012-ல் அங்கே தோண்ட ஆரம்பித்தார்கள். 550-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வந்தன. அதில் குழந்தைகளும் உண்டு. சமாதானம் கற்றுத் தருகிற மைதானத்துக்கு அடியில் இத்தனை பேர் படுத்திருந்திருக்கிறார்கள்.

இதன் முன்கதையை என் போன்ற கணக்குப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சுருக்கிச் சொல்கிறேன். எல்லாம் நிலத் தகராறு. நல்ல நிலம் எல்லாம் சில கைகளில்; உழுகிற மாயன்களிடம் பட்டா கிடையாது. 1952-ல் அர்பென்ஸ் என்ற ஜனாதிபதி சும்மா கிடந்த பெரிய தோட்டங்களை எடுத்து ஏழைகளுக்குக் கொடுக்கச் சட்டம் போட்டார். அதில் யுனைட்டெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியின் நிலமும் போனது. 1954-ல் சி.ஐ.ஏ. உதவியோடு அவர் ஆட்சி கவிழ்ந்தது. 1960-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. முடிந்தது 1996 டிசம்பர் 29-ல். முப்பத்தாறு வருடம்!

1999-ல் ஐ.நா. ஆதரவோடு அமைந்த உண்மை கமிஷன் அறிக்கை கொடுத்தது. செத்தவர்களும் காணாமல் போனவர்களும் 2 லட்சத்துக்கும் மேல். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயன்கள். நடந்த கொடுமைகளில் 93 சதவீதத்துக்குப் பொறுப்பு அரசாங்கப் படைகளும் அவற்றின் துணைப் படைகளும். கொரில்லாக்களைப் பிடிக்கிறோம் என்று சொல்லி ஊரையே கொளுத்தியிருக்கிறார்கள். சில பகுதிகளில் நடந்தது இனப்படுகொலைதான் என்று கமிஷன் எழுதியது.

சதவீதம் என்றால் எனக்குச் சுலபமாகப் புரியும். ஆனால் அந்த வண்டியில் புரியவில்லை. "உங்க வீட்ல யாராவது...?" என்று இழுத்தேன்.

"என் பெரியப்பா. 1982" என்றார். அவ்வளவுதான். கியரை மாற்றினார்.

* * *

தக்திக், தமாஹு, துக்குரு, லா தின்தா என்று ஊர்கள் வந்துகொண்டே இருந்தன. மலை இறங்க இறங்கக் குளிர் போய் வேர்வை வந்தது. ஏலக்காயும் காப்பியும் மேலே நின்றுவிட்டன. பள்ளத்தாக்கில் எங்கு பார்த்தாலும் எண்ணெய்ப் பனையும் கரும்பும். ராணுவ அணிவகுப்பு மாதிரி வரிசை வரிசையாகப் பனை. அதற்கு நடுவே கீற்றுக் குடிசைகள், ஒட்டுப்போட்டது போல.

பான்சோஸ் என்ற ஊரில் டீ குடிக்க இறங்கினோம். டீ கிடைக்கவில்லை. ஏலக்காய் போட்ட டீ வேண்டும் என்று நண்பன் சைகையில் கேட்டபோது கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். ஊரே விளைவிக்கிறது, ஊரில் யாரும் சாப்பிடுவதில்லை. எல்லாம் சவூதிப் பக்கம் காப்பியில் போட்டுக் குடிக்கப் போய்விடுகிறது.

அந்த ஊரின் சதுக்கத்தைக் காட்டி டிரைவர் சொன்னார். 1978 மே 29. பட்டா கேட்டு நூற்றுக்கணக்கான கெக்சி விவசாயிகள் இங்கே வந்து நின்றார்கள். முன்னால் நின்றது ஒரு பாட்டி. பெயர் அடெலினா கால். மாமா மகீன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். 'மாமா' என்றால் ஸ்பானிஷ் பாஷையில் அம்மா. ராணுவம் சுட்டது. கமிஷன் கணக்குப்படி 53 பேர் செத்தார்கள். பாட்டியும் அதில் ஒருத்தி. 1990-ல் மெக்ஸிகோ அகதி முகாம்களில் இருந்த குவாத்தமாலாப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தபோது அந்தப் பாட்டியின் பெயரைத்தான் வைத்தார்கள்.

மனு கொடுக்கப் போனவர்களைச் சுடுகிற ஊர். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைக் கேளுங்கள்.

பான்சோஸைத் தாண்டி எல் எஸ்டோர் போகிற வழியில் ஒரு குக்கிராமம், செப்பூர் சார்க்கோ. வரைபடத்தில் தேடினால் கண் வலிக்கும். அங்கேயும் சில கெக்சி ஆண்கள் தாங்கள் உழுகிற நிலத்துக்குப் பட்டா கேட்டு எழுதிப் போட்டிருந்தார்கள். செய்த குற்றம் அவ்வளவுதான். 1982-ல் ராணுவம் வந்தது. விண்ணப்பம் போட்ட ஆண்களைத் தூக்கிக்கொண்டு போனது. அவர்கள் திரும்பவில்லை. அதே ஊரில் சிப்பாய்கள் 'ஓய்வெடுக்க' ஒரு முகாம் போட்டார்கள்.

புருஷனைப் பறிகொடுத்த பெண்களுக்கு ஷிஃப்ட் போட்டார்கள்.

ஷிஃப்ட் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஓவர்டைம், கேன்டீன் டோக்கன், நைட் டியூட்டி முடிந்து வருகிற பஸ். அங்கே மூன்று நாளுக்கு ஒருமுறை, பன்னிரண்டு மணி நேரம். முகாமுக்குப் போக வேண்டும். சிப்பாய்களின் துணியைத் துவைக்க வேண்டும், மக்காச்சோள ரொட்டி தட்ட வேண்டும். சோப்பும் சோளமும் அவர்களே கொண்டுபோக வேண்டும். வேலை அதோடு முடியவில்லை. அந்த முகாமில் அவர்களுக்கு நடந்த பாலியல் கொடுமையை இந்தப் பத்திரிகையில் வரி வரியாக எழுத மாட்டேன். கோர்ட்டில் அவர்களே சொல்லிவிட்டார்கள். சிலருக்கு இது மாதக்கணக்கு, சிலருக்கு வருடக்கணக்கு. முகாமை மூடியது 1988-ல். தப்பித்து மலைக்கு ஓடியவர்கள் கிழங்கும் இலையும் தின்று, பெற்ற பிள்ளைகளைப் பசிக்குக் கொடுத்தார்கள்.

போர் முடிந்து திரும்பி வந்தால் ஊர் என்ன சொன்னது தெரியுமா? 'சிப்பாய்களோடு போனவள்' என்றது. கொடுமை செய்தவன் தெருவில் மீசையை முறுக்கிக்கொண்டு நடந்தான். அனுபவித்தவள் தலை குனிந்து நடந்தாள். இந்த விஷயத்தில் மட்டும் எல்லா நாட்டு ஊர்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்கின்றன.

* * *

இருபது வருடத்துக்கும் மேல் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு சில பெண்கள் அமைப்புகள் மெதுவாக வந்தன. வக்கீல்கள், மனநல ஆலோசகர்கள், பழைய போராளிப் பெண்கள். "சொல்லுங்கள்" என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பல வருடம் உட்கார்ந்தார்கள். முதலில் பெண்கள் தங்களுக்குள் பேசினார்கள். 2010-ல் தலைநகரத்தில், தண்டனை கொடுக்க அதிகாரம் இல்லாத, காது கொடுத்துக் கேட்க மட்டும் கூடிய ஒரு மக்கள் நீதிமன்றத்தில் பேசினார்கள். 2011-ல் பதினைந்து பெண்கள் நிஜ கோர்ட்டுக்கே போனார்கள்.

2016 பிப்ரவரி 1. வழக்கு விசாரணை தலைநகரத்தில் ஆரம்பம். நீதிபதி யாஸ்மின் பாரியோஸ். இவரும் லேசுப்பட்டவர் இல்லை. 2013-ல் முன்னாள் சர்வாதிகாரி ரியோஸ் மோன்ட்டுக்கு, ஈஷில் இன மாயன்களை இனப்படுகொலை செய்த குற்றத்துக்காக எண்பது வருடம் தீட்டிய நீதிபதிக் குழுவின் தலைவி. பத்தே நாளில் மேல் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. மறு விசாரணை முடிவதற்குள் அந்த ஜெனரல் 2018-ல் படுக்கையில் நிம்மதியாகச் செத்துப்போனார்.

பெண்கள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு கோர்ட்டில் உட்கார்ந்தார்கள். கலர் கலராகக் கோடு போட்ட கைத்தறிச் சால்வை. கண் மட்டும் தெரியும். அவர்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது, நீதிபதிக்குக் கெக்சி தெரியாது. நடுவில் மொழிபெயர்ப்பாளர். தோண்டி எடுத்த எலும்புகளை அட்டைப்பெட்டிகளில் கொண்டுவந்து கோர்ட் தரையில் வைத்தார்கள். எதிரே குற்றவாளிக் கூண்டில் இரண்டு பேர். ஒருவர் முகாமுக்குப் பொறுப்பாக இருந்த ராணுவ அதிகாரி ரெயஸ் ஹிரோன். இன்னொருவர் ராணுவத்துக்கு உள்ளூர் ஆளாக இருந்த வால்டெஸ் அசிக்.

பிப்ரவரி 26-ல் தீர்ப்பு. இங்கேதான் என் பி.காம். விழித்துக்கொண்டது. அதிகாரிக்கு 120 வருடம். உள்ளூர் ஆளுக்கு 240 வருடம். இதென்ன கூத்து, மனுஷன் எங்கே 240 வருடம் இருக்கப் போகிறான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பிரித்துப் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கிறது. பெண்களை அடிமையாக வைத்திருந்த மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்கு ஆளுக்கு முப்பது. அதிகாரிக்கு அதோடு ஒரு தாயும் அவளுடைய இரண்டு சின்னப் பெண்களும் கொல்லப்பட்டதற்குத் தலைக்கு முப்பது, மூன்று தலைக்குத் தொண்ணூறு. இன்னொருவருக்குக் காணாமல் போன ஏழு புருஷன்மார்களுக்குத் தலைக்கு முப்பது, இருநூற்றுப் பத்து. எந்தத் தலையும் மொத்தத்தில் சேர்ந்து மறைந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி எழுதியிருக்கிறார்கள்.

போர்க்காலத்தில் பெண்களைப் பாலியல் அடிமையாக வைத்த குற்றத்தை, அது நடந்த நாட்டின் சொந்த கோர்ட்டே விசாரித்துத் தண்டித்தது உலகத்தில் அதுதான் முதல் தடவை. பெரிய நாடு எதுவும் செய்யாததை, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பாட்டிகள் செய்ய வைத்தார்கள். ஆமாம், இப்போது அவர்களுக்கு நாடு முழுக்க அதுதான் பெயர். 'அபுவேலாஸ்'. பாட்டிகள். மரியாதையோடு சொல்கிறார்கள்.

* * *

"பாட்டிகளைப் பார்க்க முடியுமா?" என்று டிரைவரைக் கேட்டேன். மனசுக்குள் பேட்டி தயாராகிவிட்டது. போட்டோ, தலைப்பு எல்லாம் உட்பட. பத்திரிகைக்கு எழுதுகிறவனின் புத்தி. தெருநாய்க்கு எலும்பு வாசனை எட்டின மாதிரி.

டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். "என்ன கேப்பீங்க?"

"என்ன நடந்துச்சுன்னு..."

"அதை ஊர்ல சொன்னாங்க. வக்கீல்கிட்டச் சொன்னாங்க. டாக்டர்கிட்டச் சொன்னாங்க. கோர்ட்ல சொன்னாங்க. இருபதுக்கும் மேலே வாய்தா. உங்களுக்கும் ஒருதடவை சொல்லணுமா?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் கேமராவைப் பைக்குள் வைத்தேன். பைக்கு ஜிப் சரியில்லை, அதை மூடுவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் யாரும் எதுவும் பேசாததற்கு அந்த ஜிப்புக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

"வேற ஏதாவது கேளுங்க" என்றார். "தீர்ப்புல பதினெட்டு விஷயம் போட்டிருக்காங்க. அதுல எத்தனை வந்துச்சுன்னு கேளுங்க. அதை யாரும் கேக்கறதில்ல."

கேட்டேன்.

தண்டனை கொடுத்த சில நாளில், 2016 மார்ச் 2-ல், இழப்பீடாக என்னென்ன செய்ய வேண்டும் என்று கோர்ட் ஒரு பட்டியல் போட்டது. பாட்டிகள் கேட்டு வாங்கிய பட்டியல். அதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. எனக்கு வீடு, எனக்குப் பணம் என்பதோடு அது நிற்கவில்லை. ஊருக்கு ஆஸ்பத்திரி வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், மேலே படிக்க உதவித்தொகை வேண்டும். புருஷன்மார்களின் உடலைத் தேடித் தர வேண்டும். நடந்ததைப் பாடப்புத்தகத்தில் எழுத வேண்டும். சிப்பாய்களுக்குப் பெண்கள் உரிமை பற்றிப் பாடம் நடத்த வேண்டும். ஒரு நினைவுச் சின்னம் வேண்டும். அப்புறம், 1982-ல் புருஷன்மார்கள் எழுதிப்போட்ட அந்த மனு, அந்தப் பட்டா. அதையும் முடித்துத் தர வேண்டும்.

இதில் சிலது வந்தது. ஒரு நடமாடும் ஆஸ்பத்திரி வந்தது. தினமும் எழுபது எண்பது பேர் மருந்து வாங்கிப் போனார்கள். நிலம் மட்டும் தீர்ப்பு வந்து வருடங்கள் ஓடியும் கைக்கு வரவில்லை. குற்றவாளிகள் கட்ட வேண்டும் என்று சொன்ன லட்சக்கணக்கான கெட்சால் காகிதத்தில் இருக்கிறது. ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது உடனே புரியும். பில் பாஸ் ஆகிவிட்டது, செக் வரவில்லை. வரவு எழுதியாயிற்று, வசூல் ஆகவில்லை. பாட்டிகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. இந்தக் கணக்கில் தாமதத்துக்கு வட்டி போட யாரும் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். 2019-ல் போர்க்காலக் குற்றவாளிகள் எல்லோருக்கும் பொது மன்னிப்பு என்று பார்லிமென்ட்டில் ஒரு மசோதா வந்தது. நிறைவேறியிருந்தால் 120-ம் 240-ம் ஒரே ராத்திரியில் பூஜ்யம். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. கோர்ட் தலையிட்டு நிறுத்தியது. அதாவது ஒருமுறை ஜெயித்தால் போதாது. ஜெயித்ததைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் வேண்டும்.

* * *

அவர்கள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மற்றவர்கள் எழுந்தார்கள்.

ரபினால் என்று இன்னொரு பக்கம். அங்கே இருக்கிற மாயன் பிரிவின் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள், 'ஆச்சி'. நம் செட்டிநாட்டு ஆச்சிகளுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் உறுதியில் உறவு சொல்லலாம். 36 ஆச்சி இனப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் வெளியூர் சிப்பாய்கள் இல்லை. ராணுவம் ஆயுதம் கொடுத்து ஏற்படுத்திய ஊர்க்காவல் படையினர். உள்ளூர்க்காரர்கள். சந்தையில் தினமும் எதிரே வருகிறவர்கள். யோசித்துப் பாருங்கள், தக்காளி வாங்கப் போன இடத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். நாற்பது வருடம் பார்த்தார்கள். 2022 ஜனவரியில் ஐந்து பேருக்குத் தலா முப்பது வருடம். 2025 மே மாதம் இன்னும் மூன்று பேருக்குத் தலா நாற்பது வருடம். வாதாடிய வக்கீல்களிலும் மாயன் பெண்கள் இருந்தார்கள். பாட்டிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. பேத்திகள் சட்டப் புத்தகத்தோடு வந்துவிட்டார்கள்.

ரோசலீனா துயூக் என்று ஒரு அம்மாள். அப்பாவை ராணுவம் கொண்டுபோனது, கணவரையும் இழந்தார். 1988-ல் விதவைகளைத் திரட்டி ஒரு சங்கம் அமைத்தார். பிள்ளைகளை வலுக்கட்டாயமாக ராணுவத்தில் சேர்க்காதே, புதைகுழிகளைத் தோண்டு என்று கேட்டார். 1995 தேர்தலில் ஜெயித்து பார்லிமென்ட்டுக்கே போனார், மாயன் உடையிலேயே. 1992-ல் நோபல் சமாதானப் பரிசு வாங்கிய ரிகோபெர்ட்டா மென்ச்சுவும் மாயன் பெண்தான். அவருடைய அப்பா 1980-ல் ஸ்பெயின் நாட்டுத் தூதரகத்துக்குள் நியாயம் கேட்கப் போய், அங்கே பற்றிய தீயில் கருகிப்போனவர்.

அந்த உடைக்குக்கூட ஒரு வழக்கு இருக்கிறது. இடுப்பில் வார் கட்டி, மறுமுனையை மரத்தில் கட்டி, உட்கார்ந்து நெய்கிற தறி. அதில் நெய்த ரவிக்கைக்கு 'உய்ப்பில்' என்று பெயர். ஒரு ரவிக்கைக்கு மாதக்கணக்கில் ஆகும். டிசைனைப் பார்த்தே எந்த ஊர்ப் பெண் என்று சொல்லிவிடுவார்களாம். கம்பெனிகள் அந்த டிசைனை மெஷினில் அச்சடித்துப் பணம் பண்ண ஆரம்பித்தன. "இது எங்கள் ஊர்களின் பொதுச் சொத்து, பாதுகாப்பு கொடு" என்று நெசவாளிப் பெண்கள் 2016-ல் அரசியல் சாசன கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். போர்க்காலத்தில் இதே உடைதான் இந்த ஊர்க்காரி என்று காட்டிக்கொடுத்தது. பல பெண்கள் உயிருக்குப் பயந்து அதைக் கழற்றி வைத்தார்கள். கழற்றி வைத்ததை மறுபடி உடுத்திக்கொண்டு கோர்ட் படி ஏறுவது சாதாரண விஷயம் இல்லை.

* * *

திரும்பும்போது சாலை ஓரத்தில் ஒரு கீற்றுக்கொட்டகை. ஒரு வயதான பெண்மணியும் ஒரு சிறுமியும் மக்காச்சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். மாவு உருண்டையை இரண்டு கையாலும் மாற்றி மாற்றித் தட்டுகிற சத்தம் தூரத்திலேயே கேட்டது. காலையில் இருந்து எத்தனையோ இடத்தில் கேட்ட அதே சத்தம்தான். இப்போது வேறு மாதிரி கேட்டது. அந்தப் பெண்மணிக்குச் செப்பூர் சார்க்கோவோடு சம்பந்தம் உண்டா, இல்லையா? டிரைவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அது.

சூடாக ரொட்டி, கறுப்பு மொச்சை, உப்பு. மூன்று பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம். பன்னிரண்டு கெட்சால் ஆயிற்று. நண்பன் இருபது கெட்சால் நோட்டைக் கொடுத்து, மீதி வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினான். அவன் மனசு எனக்குத் தெரியும். காலையில் இருந்து கேட்டதற்கெல்லாம் சேர்த்து எதையாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் போல அவனுக்கு இருந்தது. எட்டு கெட்சால்தான் கையில் இருந்தது.

வண்டி நகர்ந்து பத்தடி போயிருக்கும். பின்னால் ஏதோ சத்தம். அந்தப் பெண்மணி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார். டிரைவர் நிறுத்தினார். ஜன்னல் வழியாக நண்பன் கையில் ஒரு ஐந்தும் மூன்று ஒன்றுமாக வைத்து, விரல்களை மடக்கினார். கெக்சியில் ஏதோ சொன்னார். மூச்சு வாங்கியது.

"என்ன சொல்றாங்க?" என்றான் நண்பன்.

"ரொட்டிக்குப் பன்னிரண்டுதானாம். உங்ககிட்ட அவங்களுக்கு வேற பாக்கி எதுவும் இல்லையாம். பாக்கி இருக்கறவங்ககிட்டக் கேட்டு வாங்கிக்குவாங்களாம்."

நண்பன் சட்டைப் பைக்குள் கையை விட்டான். வழக்கம்போல ஏலக்காய் வந்தது. நான்கைந்து, போடிச் சரக்கு. நீட்டினான். அந்தப் பெண்மணி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். "பாந்தியோஷ்" என்றார். நன்றி என்று அர்த்தமாம். மீதியைத் திருப்பித் தரவில்லை.

அன்றைய செலவுக் கணக்கை ராத்திரி கோபான் லாட்ஜில் உட்கார்ந்து எழுதினேன். சாப்பாடு, பன்னிரண்டு கெட்சால். அந்த ஒரு வரி மட்டும் டேலி ஆயிற்று.